கிருமியை அறிந்தால் மந்தையைக் காக்கலாம்

மாலை வரை நன்றாகத் தீனி எடுத்த மாடு, பொழுது விடிந்து பார்க்கும்போது கட்டுத்தறியில் செத்துக் கிடப்பதுண்டு. வயிறு உப்பியிருக்கும். மூக்கிலும் ஆசனவாயிலும் தார் போன்ற கறுத்த இரத்தம் கசிந்திருக்கும். பாம்பு தீண்டியிருக்கும் என்பார் ஒருவர்; விஷப்புல் தின்றிருக்கும் என்பார் மற்றொருவர். மாடுதான் போயிற்று, தோலாவது மிஞ்சட்டும் என்று எண்ணி அதை அறுக்கத் தொடங்கினால், அந்த இடத்து மண் பல பத்தாண்டுகளுக்கு நோய் மண்ணாகிவிடக்கூடும். அறுத்தவரின் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

இவ்வாறு திடீரெனச் செத்த மாட்டை அறுக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம், அந்த நோயை உண்டாக்கும் கிருமியின் வாழ்க்கை முறையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தொற்றுநோய்க்கும் தனித்தனிக் கிருமி உண்டு. அது உடலுக்குள் எவ்வழியே புகுகிறது, எவ்வழியே வெளியேறுகிறது, வெளியில் எவ்வளவு காலம் உயிர் தாங்குகிறது, எதனால் சாகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், எந்த நோய்க்கு எந்தத் தடுப்பு ஏற்றது என்பது தானே விளங்கிவிடும். விடை தெரியாதபோது, எல்லா நோய்க்கும் ஒரே ஊசி, ஒரே மருந்து என்று பணம் விரயமாகிறது. கால்நடையும் கைவிட்டுப் போகிறது.

கிருமிகளின் வகைகள்

கால்நடைகளுக்குத் தொற்றுநோய் உண்டாக்கும் கிருமிகளைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம். பாக்டீரியா, வைரஸ், ஓரணு உயிரிகள், பூசணம் என்பன அவை. அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், கருச்சிதைவு நோய் ஆகியவை பாக்டீரியாவால் வருபவை. கோமாரி, தோல் கழலை, ஆட்டுக்கொல்லி, கோழிகளின் வெள்ளைக் கழிச்சல் ஆகியவை வைரஸால் வருபவை. உண்ணிகளும் ஈக்களும் பரப்பும் சில காய்ச்சல்கள் ஓரணு உயிரிகளால் உண்டாகின்றன. கன்றுகளின் தோலில் வட்ட வட்டமாகக் காணும் படர்தாமரை பூசணத்தால் வருவது.

இவற்றுள் பாக்டீரியாவுக்கும் வைரஸுக்கும் உள்ள வேறுபாட்டை விவசாயிகள் நன்கு அறிந்துகொள்ள வேண்டும். பாக்டீரியா தனித்து வாழவல்ல ஓர் உயிர். தீனியும் ஈரமும் கிடைத்தால் தானே பெருகும். வைரஸ் அவ்வாறன்று. உயிருள்ள அணுவுக்குள் புகுந்தால்தான் அது பெருக முடியும். அளவிலும் மிகுந்த வேறுபாடு உண்டு. அடைப்பான் பாக்டீரியாக்களை நீளவாக்கில் வரிசையாக வைத்தால், ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 250 அடங்கும். கோமாரி வைரஸாக இருந்தால் அதே நீளத்துக்கு 30 ஆயிரத்துக்கு மேல் அடங்கும்.

பெனிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யா. கோமாரி கண்ட மாட்டுக்கு மருத்துவர் இத்தகைய ஊசி போட்டால், அது புண்ணில் பின்னால் வந்து சேரும் பாக்டீரியாவுக்காகவே தவிர, கோமாரி வைரஸுக்காக அன்று. இதை உணராமல் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் ஊசி போடுவதால் நோய் குறைவதில்லை. பாலில் மருந்து கலந்து, அதைக் குடிப்பவருக்கும் கேடு விளைகிறது.

மண்ணில் உறங்கும் கிருமி

நோய்க்குக் காரணம் கிருமியே என்ற உண்மை ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்டது அடைப்பான் நோயைக் கொண்டுதான். ராபர்ட் கோக் என்ற மருத்துவர், அன்றைய பிரஷ்யாவில் வோல்ஸ்டைன் என்ற சிற்றூரில் அரசு மருத்துவராக இருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஆடு மாடுகள் அடைப்பானால் மடிவதைக் கண்டு, அவற்றின் இரத்தத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஆராய்ந்தார். அதில் குச்சி குச்சியாகக் காணப்பட்ட கிருமிகளை மாட்டுக் கண்ணின் நீரில் வளர்த்துப் பார்த்தார். குச்சிகள் நீண்ட இழைகளாக வளர்ந்தன. பின்னர் அவ்விழைகளுக்குள் மணி மணியாக ஒளிரும் வித்துகள் தோன்றின. அந்த வித்துகளைச் சுண்டெலிக்குள் செலுத்தியபோது அவை மறுபடியும் குச்சிகளாகிச் சுண்டெலியைக் கொன்றன. 1876இல் வெளியான இந்த ஆராய்ச்சி, ஒரு நோய்க்கு ஒரு கிருமி என்ற கொள்கைக்கு அடித்தளமாயிற்று.

அந்த வித்துகளே அடைப்பான் நோயின் முழுச் சூட்சுமமும் ஆகும். மாட்டின் உடலுக்குள் கிருமி குச்சி வடிவத்தில் இருக்கும். அந்த நிலையில் அது வலுவற்றது. மாடு செத்த பின் உடல் அழுகத் தொடங்கினால், அழுகச் செய்யும் பிற நுண்ணுயிர்களின் செயலால் அடைப்பான் குச்சிகள் சில நாட்களுக்குள் மடிந்துவிடும். ஆனால் காற்றுப்பட்டால் நிலைமை மாறிவிடும். உடலை அறுத்தாலோ, நாயும் காகமும் கிழித்தாலோ, இரத்தம் மண்ணில் சிந்தினாலோ, காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் குச்சிகள் வித்துகளாக மாறத் தொடங்கும். கடினமான உறை கொண்ட இவ்வித்துகள் வெயிலுக்கும் வறட்சிக்கும் எளிதில் மசிவதில்லை. பல பத்தாண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கும். மூடிய உடலுக்குள் தானே சாகவிருந்த கிருமியை, கத்தி எடுத்தவரே காப்பாற்றிவிட்டவர் ஆகிறார்.

இந்த வித்துகளின் ஆயுளுக்கு உலகில் இரண்டு சான்றுகள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது 1942இல், ஸ்காட்லாந்துக் கரையை ஒட்டிய குருயினார்டு என்ற சிறு தீவில் அடைப்பான் வித்துகளைக் கொண்டு ஆங்கில அரசு போர் ஆயுதச் சோதனை நடத்தியது. அதன்பின் அத்தீவில் யாரும் கால் வைக்கக் கூடாது என்று தடை விதிக்க வேண்டியதாயிற்று. 1986இல் கடல்நீரில் ஃபார்மால்டிஹைடு கலந்து தீவின் மண்ணை நனைத்துத் தூய்மை செய்த பின்னர், 1990இல்தான் தடை நீங்கியது. மற்றொன்று ரஷ்யாவின் வடகோடியிலுள்ள யமால் பகுதி. அங்கு 1941க்குப் பின் அடைப்பான் காணப்படவில்லை. 2016ஆம் ஆண்டுக் கோடையில் கடும் வெப்பத்தால் உறைந்த மண் இளகியபோது நோய் மீண்டும் தலைதூக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கலைமான்கள் மடிந்தன. ஒரு சிறுவனும் உயிரிழந்தான்.

நம் நாட்டில் நோய் பெரும்பாலும் மழையை ஒட்டியே வருகிறது. கோடையில் புல் குட்டையாகும்போது மாடும் ஆடும் வேரோடு மண்ணையும் சேர்த்துக் கரம்பும். வெள்ளம் பாயும்போது புதைந்த வித்துகள் மேலே வந்து பள்ளங்களிலும் குட்டைகளிலும் சேரும். புதிய கிணறு, குளம், வாய்க்கால் தோண்டும்போதும் பழைய புதைகுழி மண் வெளிப்படலாம். ஆகவே ஒருமுறை அடைப்பான் கண்ட ஊரில், பத்து ஆண்டுகள் நோய் வரவில்லையே என்று தடுப்பூசியை நிறுத்துவது அறிவுடைமை ஆகாது.

அறிகுறிகளும் செய்ய வேண்டியவையும்

மாடும் ஆடும் பெரும்பாலும் அறிகுறி எதுவும் காட்டாமலே விழுந்து சாகும். சில மணி நேரம் தாங்கும் மாடுகளில் 106, 107 டிகிரி ஃபாரன்ஹீட் வரை காய்ச்சல், நடுக்கம், மூச்சுத்திணறல், அசைபோடாமை ஆகியவை காணப்படும். செத்த பின் உடல் முழுமையாக விறைப்பதில்லை. இயற்கைத் துவாரங்களிலிருந்து வடியும் இரத்தம் கறுத்து, உறையாமல் இருக்கும். காய்ச்சல் நிலையிலேயே கண்டுகொண்டால் பெனிசிலின் ஊசியால் மாட்டைக் காப்பாற்ற வழியுண்டு.

இவ்வறிகுறிகளோடு மாடு செத்தால் முதல் வேலையாகக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர் காதோர நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடி வில்லையில் தடவிச் சோதித்து நோயை உறுதி செய்வார். அதுவரை உடலை இழுத்துச் செல்லக் கூடாது. இழுத்த தடம் முழுவதும் இரத்தம் சிந்தும். நாயும் காகமும் அண்டாதவாறு தார்ப்பாயால் மூடிவைக்க வேண்டும். மருத்துவரின் மேற்பார்வையில், கிருமிநாசினியில் நனைத்த பஞ்சால் துவாரங்களை அடைத்து, செத்த இடத்திலேயோ அதற்கு அண்மையிலேயோ எரித்துவிடுவது மிகச் சிறந்தது. எரிக்க இயலாவிட்டால் கிணறும் நீர்நிலையும் இல்லாத மேட்டுநிலத்தில், உடலுக்கு மேல் ஆறடி மண் நிற்கும் அளவுக்கு ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்கலாம். இரத்தம் சிந்திய மண், வைக்கோல், சாணம் யாவும் உடலோடு சேர்ந்து எரிய வேண்டும் அல்லது குழிக்குள் போக வேண்டும். புதைத்த இடத்தைச் சுற்றி முள்வேலி இடுவது நல்லது.

குழியில் சுண்ணாம்பு கொட்டும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. ஆனால் மண்ணிலுள்ள கால்சியச் சத்து வித்துகள் நிலைத்திருக்கத் துணைபுரியக்கூடும் என்பதால், அடைப்பான் புதைகுழிக்குச் சுண்ணாம்பு ஏற்றதன்று என்பது உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதலின் கருத்து. வேறு நோய்க்கு நல்லதாக இருப்பது இந்த நோய்க்கு ஆகாமல் போவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மனிதருக்கு இந்நோய் பெரும்பாலும் தோல் வழியே வருகிறது. செத்த மாட்டை உரித்தவரின் கையிலோ கழுத்திலோ பூச்சிக்கடி போல ஒரு தடிப்பு தோன்றி, கொப்புளமாகி, நடுவில் கரி போல் கறுத்த பொருக்குக் கட்டும். அதில் வலி இராது. வலி இல்லை என்பதாலேயே பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. தக்க காலத்தில் மருத்துவரிடம் சென்றால் எளிதில் குணமாகும். இறைச்சியைத் தின்றவருக்குக் குடலிலும், வித்துகள் கலந்த தூசியைச் சுவாசித்தவருக்கு நுரையீரலிலும் வரும் நோய் மிகக் கொடியது. ஆகையால் நோயில் செத்த மாட்டின் இறைச்சியை, எவ்வளவு வேகவைத்தாலும், யாருக்கும் கொடுக்கலாகாது.

பாஸ்டரின் சோதனையும் இன்றைய தடுப்பூசியும்

அடைப்பானுக்குத் தடுப்பூசி உண்டு என்பதை உலகறியச் செய்தவர் பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர். 1881ஆம் ஆண்டு மே மாதம் பூயி-லெ-ஃபோர் என்ற ஊர்ப் பண்ணையில், விவசாயிகளும் மருத்துவர்களும் பத்திரிகையாளரும் அறிய அவர் ஒரு சோதனை நடத்தினார். 24 செம்மறியாடுகள், 1 வெள்ளாடு, 6 மாடுகள் ஆகியவற்றுக்கு வலு குறைத்த கிருமியை இரு தவணையாக ஊசி மூலம் செலுத்தினார். வேறு 24 செம்மறிகள், 1 வெள்ளாடு, 4 மாடுகளுக்கு எதுவும் போடவில்லை. மே 31ஆம் நாள் எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள அடைப்பான் கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் நாள் கூட்டம் கூடியபோது, தடுப்பூசி பெற்ற செம்மறிகள் நின்று மேய்ந்தன. பெறாத செம்மறிகளும் வெள்ளாடும் அன்று பொழுது சாய்வதற்குள் மடிந்து முடிந்தன.

இன்று உலகெங்கும் கால்நடைகளுக்குப் பயன்படும் அடைப்பான் தடுப்பூசி, 1930களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் உருவாக்கிய வீரியம் குன்றிய கிருமியின் உயிருள்ள வித்துகளைக் கொண்டது. தமிழ்நாட்டில் இராணிப்பேட்டையிலுள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932இல் தொடங்கப்பட்டது. அடைப்பான் தடுப்பூசி அங்கேயே தயாராகிறது. நோய் கண்ட பகுதிகளில் ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியில் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்பதால், அதையொட்டிய நாட்களில் பெனிசிலின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் தடுப்பூசிக் கிருமியே செத்துப் பயனற்றுப் போகும். மாட்டுக்குச் சமீபத்தில் வேறு ஊசி போட்டிருந்தால் அதைத் தடுப்பூசி போடுபவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெயரில் நெருக்கம், குணத்தில் வேற்றுமை

அடைப்பான், தொண்டை அடைப்பான் என்ற இரண்டையும் பெயரைக் கொண்டு ஒன்றெனக் கருதுவோர் உண்டு. தொண்டை அடைப்பானின் கிருமி வேறு. அது வித்தாக மாறுவதில்லை. மண்ணில் நெடுநாள் தங்குவதுமில்லை. நல்ல நிலையிலுள்ள சில மாடுகளின் தொண்டையிலேயே அது ஒடுங்கியிருந்து, மழை, குளிர், கடும் உழைப்பு, நெடுந்தூரப் பயணம் ஆகியவற்றால் உடல் தளரும்போது பெருகி நோயாக வெளிப்படும். எருமைகளை இது கடுமையாகத் தாக்கும். தொண்டை வீங்கி, மூச்சுவிடும்போது குறட்டை போல் ஒலி கேட்கும். மழைக்கு முன் தடுப்பூசி போடுவதோடு, மழையில் நனையாத கொட்டகையும் அளவான வேலையும் இந்நோய்க்குத் தடுப்பாகும்.

சப்பை நோயின் கிருமி அடைப்பானைப் போலவே மண்ணில் வித்தாகக் கிடப்பது. ஆனால் அது 6 மாதம் முதல் 2 வயது வரையுள்ள கொழுத்த இளங்கன்றுகளையே அதிகம் தாக்கும். தொடையிலோ சப்பையிலோ வீக்கம் கண்டு, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும். இதற்கும் தனித் தடுப்பூசி உண்டு. ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது.

கோமாரி: ஓடிப் பரவும் கிருமி

அடைப்பான் கிடந்த இடத்தில் காத்திருக்கும் கிருமி என்றால், கோமாரி ஓடிப் பரவும் கிருமி. ஜெர்மனியில் லோஃப்லர், ஃபிராஷ் என்ற இருவர் 1898இல் கோமாரிக் கொப்புள நீரைப் பாக்டீரியா புக முடியாத வடிகட்டியில் வடித்துப் பார்த்தனர். வடிந்த நீரும் நோயை உண்டாக்கியது. கால்நடை நோய் ஒன்றுக்கு வைரஸ் காரணம் என்பது முதன்முதலில் அறியப்பட்டது இவ்வாறே.

இந்த வைரஸ் நோயுற்ற மாட்டின் எச்சில், மூச்சு, பால், சாணம், சிறுநீர் ஆகிய எல்லாவற்றிலும் வெளியேறுகிறது. வாயில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே வெளியேறத் தொடங்கிவிடுகிறது என்பதுதான் பெரும் தொல்லை. பால் கறப்பவரின் கை, வியாபாரியின் செருப்பு, வண்டிச் சக்கரம், தீவனச் சாக்கு யாவும் இதைச் சுமந்து செல்லும். சந்தையில் வாங்கிய மாட்டை நேரே கொட்டகையில் கட்டுவதால் ஊர் முழுவதும் கோமாரி பரவுவது இதனால்தான்.

கோமாரி வைரஸில் உலகில் ஏழு இனங்கள் அறியப்பட்டுள்ளன. இந்தியாவில் பரவி வருபவை ஓ, ஏ, ஆசியா 1 என்ற மூன்று. ஓர் இனத்தால் நோயுற்றுத் தேறிய மாட்டை மற்ற இனம் மறுபடி தாக்கலாம். அதனால்தான் மூன்றும் சேர்ந்த தடுப்பூசி போடப்படுகிறது. அதன் பாதுகாப்பு ஏறத்தாழ ஆறு மாதமே நீடிப்பதால், ஆண்டுக்கு இருமுறை தவறாது போட வேண்டும். 2019இல் தொடங்கப்பட்ட தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இது இலவசமாகப் போடப்படுகிறது.

இக்கிருமிக்கு ஒரு பலவீனமும் உண்டு. அமிலமும் காரமும் அதற்கு ஆகா. 100 லிட்டர் தண்ணீரில் 4 கிலோ சலவைச் சோடாவைக் கரைத்துக் கொட்டகைத் தரை, வாளி, வண்டிச் சக்கரம் ஆகியவற்றைக் கழுவினால் வைரஸ் அழியும். கொட்டகை வாயிலில் இக்கரைசலில் நனைத்த சாக்கை விரித்து, உள்ளே வருவோர் மிதித்து வருமாறு செய்யலாம். நோயுற்ற மாட்டின் வாய்ப்புண்ணுக்குப் போரிக் கிளிசரின் தடவுவதும் மென்மையான தீனி கொடுப்பதும் வேதனையைத் தணிக்கும். நோயுற்ற தாயின் பாலைக் கன்றுக்கு ஊட்டக் கூடாது. இளங்கன்றின் இதயத் தசையை வைரஸ் தாக்கித் திடீர் மரணம் விளைவிக்கும்.

வெக்கை நோய் ஒழிந்தது எப்படி?

முன்னோர் நாளில் மாட்டு மந்தைகளை அடியோடு அழித்த வெக்கை நோய் இன்று உலகிலேயே இல்லை. இந்தியாவில் கடைசியாக அந்நோய் கண்டது 1995இல். 2011ஆம் ஆண்டு வெக்கை நோய் உலகிலிருந்து ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதனின் பெரியம்மைக்குப் பின், தடுப்பு முயற்சியால் முற்றாக ஒழிக்கப்பட்ட இரண்டாவது நோய் இதுவே.

வெக்கையை ஒழிக்க முடிந்தபோது கோமாரியை ஏன் ஒழிக்க முடியவில்லை என்ற கேள்விக்கும் கிருமியின் இயல்பே விடை. வெக்கை வைரஸ் ஒரே இனம். ஒரு தடுப்பூசி எல்லா இடத்துக்கும் பொருந்தியது. ஒருமுறை தேறிய மாட்டுக்கும் முறையாகத் தடுப்பூசி பெற்ற மாட்டுக்கும் நோய் மறுபடி வருவதில்லை. தேறிய மாடு கிருமியைச் சுமந்து திரிவதில்லை. உடலுக்கு வெளியே அவ்வைரஸ் விரைவில் மடிந்துவிடும். கோமாரியோ பல இனம். பாதுகாப்பு ஆறு மாதம். தேறிய மாட்டின் தொண்டையில் மாதக்கணக்கில் தங்கவும் வல்லது. ஆயினும் வெக்கை நோயை வென்றது அரசும் விஞ்ஞானமும் மட்டுமன்று. ஊர் ஊராக மாட்டை ஓட்டிவந்து ஊசிக்கு நிறுத்திய விவசாயிகளும்தான். இந்தியாவில் 1954இல் தொடங்கிய அம்முயற்சி நிறைவு பெற நாற்பது ஆண்டுகள் ஆயின.

கருச்சிதைவு நோய்: வீட்டுக்குள் வரும் கிருமி

சினை மாடு ஏழாம் மாதத்துக்குப் பின் கருவைத் தள்ளினால் அதை வெயிலின் மேலும் திருஷ்டியின் மேலும் போட்டுவிடக் கூடாது. புருசெல்லா என்ற பாக்டீரியா இதற்குக் காரணமாக இருக்கலாம். கிருமி கருவிலும் நஞ்சுக்கொடியிலும் கருப்பை நீரிலும் ஏராளமாக இருக்கும், பாலிலும் வெளியேறும். வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் நோய் தொற்றும். மனிதருக்கு வந்துவந்து போகும் காய்ச்சல், மூட்டுவலி, இரவில் வியர்வை, தீராத அசதி ஆகியவை நெடுநாள் நீடிக்கும். கால்நடை வளர்ப்போர் இத்தகைய காய்ச்சலுக்கு மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் மாடு கன்று வீசியதையும் சொல்ல வேண்டும்.

கையுறை அணிந்தே கருவையும் நஞ்சுக்கொடியையும் எடுத்து ஆழப் புதைக்க வேண்டும். நாய்க்குப் போடக் கூடாது. பாலை நன்கு காய்ச்சியே பருக வேண்டும். இந்நோய்க்கான தடுப்பூசி 4 முதல் 8 மாதம் வரையுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு மட்டும், வாழ்நாளில் ஒரேமுறை போடப்படுகிறது. இதிலிருப்பதும் உயிருள்ள கிருமி. சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலையக்கூடும், காளைகளுக்கும் போடலாகாது.

உண்ணியும் ஈயும் சுமக்கும் கிருமிகள்

சில கிருமிகளுக்குத் தாமாகப் பயணம் செய்யும் ஆற்றல் இல்லை. உண்ணியும் ஈயுமே அவற்றுக்கு வாகனம். அமெரிக்காவில் தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல், மாட்டுக் காய்ச்சல் ஒன்றை உண்ணியே பரப்புகிறது என்று நிலைநாட்டினர். நம் நாட்டில் கலப்பினப் பசுக்களை அதிகம் வருத்தும் தைலேரியா நோயும் உண்ணியால் பரவுவதே. விடாக் காய்ச்சல், தோள்முன் நெறிகட்டுதல், நாளடைவில் இரத்தச்சோகை ஆகியவை அதன் அறிகுறிகள். இங்கு நோயுற்ற மாட்டைத் தனியே கட்டுவதால் மட்டும் பயனில்லை. உண்ணி ஒழிய வேண்டும். உண்ணி முட்டையிடுவது மாட்டின் மேல் அன்று. சுவர் வெடிப்பிலும் தரைப் பிளவிலும்தான். ஆகவே மருத்துவர் கூறும் மருந்தை மாட்டுக்குத் தெளிப்பதோடு, கொட்டகைச் சுவரின் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும் அவசியம்.

2019இல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, 2022இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பெருஞ்சேதம் விளைவித்த தோல் கழலை நோயும் கொசு, கடிக்கும் ஈ, உண்ணி ஆகியவற்றால் பரவும் வைரஸ் நோய். அதன் வைரஸ் ஆட்டம்மை வைரஸின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதனால்தான் வெள்ளாட்டம்மைத் தடுப்பூசியையே மாடுகளுக்குப் போட்டுப் பாதுகாப்பு அளிக்க முடிந்தது. ஆட்டு ஊசியை மாட்டுக்குப் போடுவதா என்று அப்போது தயங்கியவர்கள், இந்த உறவை அறிந்திருந்தால் தயங்கியிருக்க மாட்டார்கள்.

தடுப்பூசி பற்றிய ஐயங்கள்

ஊசி போட்டும் நோய் வந்துவிட்டது என்ற குறை அடிக்கடி எழுகிறது. தடுப்பூசி போட்டவுடனே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை. உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கிக்கொள்ள இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். பக்கத்து ஊரில் நோய் வந்த பின் அவசரமாக ஊசி போட்டால், அதற்கு முன்பே கிருமி புகுந்துவிட்ட மாடு நோயுறத்தான் செய்யும். அது ஊசியின் குற்றமன்று. காலம் கடந்ததன் குற்றம்.

தடுப்பு மருந்தை உற்பத்தி நிலையத்திலிருந்து மாட்டின் உடல் வரை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கிடந்த மருந்தும், உறைந்துபோன கோமாரி மருந்தும் தண்ணீருக்குச் சமம். ஊசி போட்டபின் ஓரிரு நாள் பால் சிறிது குறைவதும் இலேசான காய்ச்சல் காண்பதும் உண்டு. அதற்கு அஞ்சி மாட்டை மறைத்து வைத்தால், மந்தையில் கிருமிக்கு ஒரு புகலிடம் கிடைத்துவிடும்.

நினைவில் கொள்ள வேண்டியவை

புதிதாக வாங்கிய கால்நடையை மூன்று, நான்கு வாரங்கள் தனியே கட்டிக் கவனித்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். நோயுற்றதற்கு ஒரு வாளி, நலமானதற்கு ஒரு வாளி என்று பிரித்து வைத்து, நலமான மாட்டை முதலிலும் நோயுற்ற மாட்டைக் கடைசியிலும் கறக்க வேண்டும். நோயுற்ற மாட்டைச் சந்தைக்கு ஓட்டி விற்பது, தன் வீட்டு நெருப்பை அடுத்த வீட்டுக் கூரையில் எறிவதற்கு ஒப்பாகும். கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் 2009இன்படி, சட்டத்தில் குறித்த தொற்றுநோய்களின் அறிகுறி தெரிந்தால் அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது உரிமையாளரின் கடமையும் ஆகும். 1962 என்ற தொலைபேசி எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ உதவி கிடைக்கும்.

கொட்டகையில் ஒரு மாடு தீனியை ஒதுக்கி நின்றால், எந்த ஊசி போடலாம் என்று கேட்பதற்கு முன், இது எந்தக் கிருமியாக இருக்கும், எவ்வழியே வந்திருக்கும், அடுத்து எவ்வழியே பரவும் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை தருபவர் கால்நடை மருத்துவர். அவர் வந்து சேரும்வரை மாட்டைத் தனியே பிரித்துக் கட்டுவது, கை கழுவுவது, செத்துவிட்டால் கத்தி வைக்காமல் மூடிவைப்பது ஆகிய மூன்றும் ஒவ்வொரு விவசாயியின் கையிலும் உள்ளன. இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. காக்கப்படுவதோ மந்தையும் குடும்பமும் ஊரும் ஆகும்.